சேதியைத் துவைத்துப் பார்த்த ஷ்ரிங்கேஜ் அண்ணாச்சி

திருப்பூரில் துணியைத் துவைத்துப் பார்க்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சேதியைத் துவைத்துப் பார்த்தவர் ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில், ஒரே ஏசிக்குக் கீழே வேலை பார்த்தவள் நான். என் பயோடேட்டாவில் எழுத முடியாத ஒரே தகுதி அதுதான்.

ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் பனியன் கம்பெனி. நான் மெர்ச்சண்டைசர். அதாவது, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மெயிலில் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறவள். அண்ணாச்சி குவாலிட்டி மேனேஜர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். புதிதாக வரும் துணியில் ஒரு சதுரம் அளந்து கோடு போட்டு, துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து, எவ்வளவு சுருங்கியது என்று சொல்வார். அதற்கு ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் என்று பெயர். துணியோடு நிறுத்தியிருந்தால் அவர் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தை ஒட்டியிருக்காது. இன்டர்நெட்டில் வந்த எல்லாவற்றுக்கும் அதே டெஸ்டை வைத்தார்.

நான் கொஞ்சம் வேகம். கேள்வி காதில் விழுந்து முடிவதற்குள் தேடுபொறியில் தட்டி, முதலில் வருவதை வாசிக்க ஆரம்பித்துவிடுவேன். பக்கத்து நாற்காலியிலிருந்து சத்தம் வரும்.

"ரெண்டாம் பக்கம் பாத்தியாம்மா?"

"முதல் பக்கத்துலயே இருக்குதுங்கண்ணாச்சி."

"இருக்கும். காதர்பேட்டைக்குள்ள நுழைஞ்ச உடனே ஒருத்தன் கையப் பிடிச்சு இழுப்பாம்லா, அவன் கடையிலயா நீ பனியன் எடுப்ப?"

"எடுக்க மாட்டனுங்க."

"அவன் இழுக்கதுக்குக் காசு வாங்குதான். இங்க மேல நிக்கவன் நிக்கதுக்குக் காசு குடுக்கான். விளம்பரம்னு பொடி எழுத்துல போட்டுருக்கு பாரு."

இப்போதெல்லாம் அதற்கும் மேலே ஒரு பெட்டி வந்து, கேட்ட கேள்விக்குத் தானே ஒரு விடையைத் தயாரித்து வைக்கிறதல்லவா? அதற்கு அண்ணாச்சி வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. "முந்திரிக்கொட்டை என்ன சொல்லுது?" என்று ஆவலாகத்தான் கேட்பார். கேட்டு முடித்ததும், "சரி, அது யார்ட்டக் கேட்டுச்சாம்?" என்று அதன் ஓரத்தில் இருக்கும் லிங்குகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார். முந்திரிக்கொட்டை சொன்னது அந்தப் பக்கங்களில் இல்லை என்று தெரிந்துவிட்டால், அன்று சாயங்காலம் வரை அண்ணாச்சி நல்ல மனநிலையில் இருப்பார்.

எவம் சொன்னது, எப்பம் சொன்னது, சொன்னவனுக்கு அதுல என்ன வரும்? எல்லாச் சேதிக்கும் இந்த மூன்று தண்ணீர்.

கட்டிங் மாஸ்டருக்கு முடி கொட்டிக்கொண்டிருந்தது. வெங்காயச் சாறு தடவினால் ஒரே மாதத்தில் முளைக்கும் என்று ஏழு இடத்தில் போட்டிருப்பதாகச் சந்தோஷமாகப் போனை நீட்டினார். அண்ணாச்சி அதில் ஒரு வரியை அப்படியே எடுத்து, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுத் தேடினார். ஏழிலும் அதே வரி. அதே வழுக்கைத் தலையின் படம்.

"மாஸ்டர், ஏழு கடையில ஒரே பனியன் தொங்குதுன்னா ஏழு பேரா தச்சாங்க? ஒருத்தன் மிஷின்ல இறங்குன சரக்குவே."

"அப்ப முளைக்காதுங்களா?"

"அது தெரியல. அந்த ஒருத்தன் வெங்காய எண்ணெய் விக்கான்."

மாஸ்டர் அன்றிலிருந்து தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

ஒரு மழைநாளில், நாளைக்கு மாவட்டம் முழுக்க விடுமுறை என்று தையல் ஹாலில் எல்லார் போனிலும் சேதி வந்தது. டெய்லர்கள் கைதட்டினார்கள். அண்ணாச்சி அறிவிப்பைத் தேடி, தேதியைப் பார்த்து, ஹால் மைக்கை எடுத்து, "அது போன வருசத்து மழை" என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று யாரும் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருக்கும் என்று யாருக்கும் சந்தேகமே இல்லை. அதனால்தான் கொடுக்கவில்லை.

இதெல்லாம் போக, வெப்சைட்டின் அடியில் இருக்கும் நம்பருக்குப் போன் அடிக்கிற பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. "காது வலிக்குப் பூண்டெண்ணெய்னு எழுதுனது நீங்கதானா?" என்று ஒருமுறை கேட்டார். எதிர்முனையில் ஒரு போர்வெல் வண்டிக்காரர். ரொம்ப நேரம் பேசிவிட்டு வைத்தார்.

"என்னங்கண்ணாச்சி சொன்னாரு?"

"நல்ல மனுசம்மா. அவருக்கும் காது வலியாம். கண்டுபிடிச்சா சொல்லச் சொல்லுதாரு."

இப்படி இருக்கையில்தான் ஆர்டர் வறண்டது. பாதி மிஷின்கள் உறை போட்டுக் கிடந்தன. இந்த மாதத்துக்குள் எதுவும் வராவிட்டால் தையல் ஹாலைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். டெய்லர்களில் பெரும்பாலானவர்கள் அண்ணாச்சி ஊர்ப்பக்கமிருந்து, அவர் பேச்சை நம்பிக் குடும்பத்தோடு வந்தவர்கள். மத்தியானம் அவர் ஹால் வழியாகப் போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவர் சுற்றிக்கொண்டு வெளிவழியாகப் போக ஆரம்பித்தார்.

அப்போது ஒரு குளிர்நாட்டிலிருந்து மெயில் வந்தது. கைக்குழந்தைகளுக்கான பருத்தி உடைகள் வேண்டும். வருடம் முழுக்க வேண்டும்.

முதலாளி சாமி படத்துக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் அண்ணாச்சி வாடிக்கையாளரைத் துவைக்க ஆரம்பித்துவிட்டார். முகவரியை வரைபடத்தில் போட்டுத் தெருவைப் பார்த்தார். அங்கே ஒரு பேக்கரி இருந்தது.

"துணிக் கம்பெனின்னு சொல்லுதான். இங்கன ரொட்டி விக்கான்."

"ஏனுங்க அண்ணாச்சி, நோண்டி நோண்டி வந்ததையும் தொலைச்சுப் போடாதீங்க" என்றார் முதலாளி.

"மொதலாளி, இவம் டுபாக்கூரா இருந்து நாம நூலு வாங்கிப் போட்டோம்னா, ஹாலு மட்டும் இல்ல, கம்பெனியே குடோன்தான்."

அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் ஆபீஸ் வாசலில் நின்று ஒரு படம் அனுப்பவும் என்று என்னை எழுதவைத்தார். நான் எழுதிய மெயில்களிலேயே அனுப்பக் கை வராதது அது. மறுநாள் பதில் வந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பேக்கரி வாசலில் பேப்பரோடு நின்றார். தலைக்கு மேலே, மாடியில், கம்பெனி போர்டு. பெயர் மார்த்தா. அண்ணாச்சி பேப்பரின் தேதியைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

படத்துக்குக் கீழே மார்த்தா எழுதியிருந்தார். இனி என் முறை. உங்கள் வெப்சைட்டில் நீரூற்றோடு இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தைப் படமாகவே போட்டுத் தேடிப் பார்த்தேன். அது ஒரு டயர் கம்பெனியிலும் ஓர் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. உங்களைப் புகழ்ந்திருக்கும் வாடிக்கையாளரின் முகம் ஒரு பற்பசை விளம்பரத்தில் இருக்கிறது. வெப்சைட்டின் அடியில் இருக்கும் உங்கள் நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர், எனக்கும் வெப்சைட் வேண்டுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் வேறு ஊர் பார்க்கிறோம்.

மெயிலை முதலாளிக்கும் வாசித்துக் காட்டினேன்.

"அந்தக் கட்டடம் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார் முதலாளி.

உலகத்தையெல்லாம் துவைத்துக் காயப்போட்டவர், எங்கள் கம்பெனி பெயரை ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. நானும்தான். நம் வீட்டு முகவரியை யார் தேடுவார்கள்? வந்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. பிறகு அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டாம் பக்கம் வரைக்கும் போயிருக்காம்மா இந்தப் பொம்பள."

கல்யாண வீட்டில் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவருடையது போல இருந்தது அந்தக் குரல்.

மத்தியானமே எங்கள் வெப்சைட்டைத் துவைக்க உட்கார்ந்தோம். "உலகின் முன்னணி நிறுவனம்."

"எவம் சொன்னது?"

"வெப்சைட் பண்ணவருதானுங்க."

போனது. "ஏழு கண்டங்களிலும் வாடிக்கையாளர்கள்."

"அண்டார்டிகாவுல யாரு மொதலாளி?"

"அதையும் சேத்தாத்தானுங்க ஏழு வருது."

அதுவும் போனது. கடைசியில் ஊர், தொழில், எத்தனை மிஷின், முதலாளியின் சொந்த நம்பர் ஆகியவை மிஞ்சின. நாலு வரி. இவ்வளவு சுருங்கிய சரக்கைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார் அண்ணாச்சி.

அடுத்து படம். தகரக் கூரை, தென்னை மரம், வாசலில் டெய்லர்கள் வரிசையாக. பக்கத்து வீட்டு வேட்டி ஒன்று காம்பவுண்டுச் சுவரில் காய்ந்துகொண்டிருந்தது.

"கண்ணு, அந்த வேட்டிய மட்டும் எடுத்துப் போடச் சொல்லிரு சாமி" என்றார் முதலாளி என்னிடம்.

"வேட்டி இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "பொய் சொல்லுதவன் எவனும் வேட்டி காயப்போட மாட்டான்."

படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக எல்லார் பெயரையும் போடச் சொன்னார். ஹாலில் எப்படிக் கூப்பிடுகிறோமோ அப்படியே. அப்படித்தான் போட்டேன், கடைசியில் நின்ற அவருக்கும்.

வெள்ளிக்கிழமை மார்த்தாவின் பதில் வந்தது. மேலிருந்து எடுத்த வரைபடத்தில் தகரக் கூரையையும் தென்னையையும் ஒப்பிட்டுப் பார்த்தாராம். பொருந்துகிறதாம். வேட்டியை அவரால் உறுதிசெய்ய முடியவில்லையாம். ஆர்டர் இணைப்பில் இருந்தது.

அண்ணாச்சி மைக்கை எடுத்தார். ஹாலே தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "ஆர்டர் வந்துட்டு. நான் சரிபாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று அவர் மேஜையில் வைக்க இடமில்லாத அளவுக்கு டீ வந்தது.

போன வருடம் மகளோடு இருக்க ஊருக்கே போய்விட்டார். பேஸ்புக்கிலாவது இருங்கள் என்றேன். "என்னைய எதுக்கும்மா அதுல தேடணும், போன் நம்பர்தான் இருக்குல்லா" என்று சொல்லி பஸ் ஏறினார்.

போன வாரம் வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஷ்ரிங்கேஜ் அண்ணாச்சி என்பது துவைத்த பிறகு பருத்தித் துணியில் தோன்றும் ஒரு வகைக் குறைபாடு என்று முந்திரிக்கொட்டை தயங்காமல் சொன்னது. அதற்குக் கீழே துணி துவைக்கும் மிஷின் விற்கிறவர்கள் வரிசையாக என் கையைப் பிடித்து இழுத்தார்கள். விடுவித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தார். எங்கள் வெப்சைட் படத்தில், வேட்டிக்குப் பக்கத்தில். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அவர் மட்டும் தலையைத் திருப்பி, கேட்டுக்கு மேலே போர்டில் கம்பெனி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பக்கத்துக்கு நான் போகவில்லை.