சாமந்தித் தோட்டத்தின் தலைவர்

எங்கள் கோலார் தங்கவயலில் மூன்று பேர் சேர்ந்து டீ குடித்தால், டீ ஆறுவதற்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்வாகிவிடுவார்கள். சுரங்கத்தை மூடியாயிற்று, யூனியன் புத்தியை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

என் மனைவி ஸ்டெல்லா பூதிகோட்டையில் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாமந்தி போட்டிருந்தாள். பெங்களூரில் கல்யாண மண்டப அலங்காரம் செய்யும் ஒருவர், "தொழிலை முறையா பதிவு பண்ணுங்க, அந்தப் பேர்லயே பேங்க் கணக்கு வெச்சிருங்க. சீசன் பூரா உங்க பூவை நானே எடுத்துக்கறேன்" என்றார். செடியெல்லாம் மொட்டு. இந்த ஆளை விட்டால் அத்தனை பூவும் மார்க்கெட்டில் கேட்ட விலைக்குத்தான் போகும்.

"பதிவை எங்கிட்ட வுடு" என்றேன். (நான் இப்படிச் சொல்லும்போதெல்லாம் ஸ்டெல்லா சுவரில் இருக்கும் மாதா படத்தைப் பார்ப்பாள்.)

அன்று மாலையே ஊரிகம் பகுதியில், சுரங்கக் கம்பெனி கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் கூட்டம் போட்டேன். தலைவர் நான். துணைத்தலைவர், பக்கத்து வீட்டு பென்ஷன்காரர் துரைராஜ் மாமா. பதவி கிடைக்காதவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று இணைச்செயலாளர்கள் மட்டும் ஐந்து பேர். எனக்கு ரப்பர் ஸ்டாம்பும் செய்தாயிற்று. ஸ்டெல்லாவுக்கு? மகளிர் அணி.

அந்த வாரமே எல்லோருமாக ஆடிட்டர் ஆபீசுக்குள் நுழைந்தோம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் படியில் நின்றார்கள்.

"இன்னாங்க இது, தொழில் பதிவா, போராட்டமா?" என்றார் ஆடிட்டர்.

"எல்லாரும் பார்ட்னருங்க சார்." ஸ்டாம்பை மேஜைமேல் வைத்தேன்.

"பார்ட்னர்னா, நஷ்டம் வந்தா அவங்கவங்க சொந்தக் காசுலருந்து கட்டணும். சம்மதமா?"

துரைராஜ் மாமாவுக்கு உடனே சுகர் மாத்திரை ஞாபகம் வந்துவிட்டது. அவரை பஸ் ஏற்றிவிட இணைச்செயலாளர்கள் கிளம்பினார்கள், ஐந்து பேரும். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (தலைவர் யோசிக்கிறாராம்!)

"நஷ்டம் வந்தா நான் கட்றேன் சார்" என்றாள் ஸ்டெல்லா. "செடி வெச்சது நான்தானே."

ஆடிட்டர் முதல்முறையாகச் சிரித்தார். "குத்தகையும் உங்க பேர்ல தானே கீது? அப்ப பார்ட்னரே வேணாம்மா. நீங்க ஒருத்தரே ஓனர்னு பதிஞ்சிடலாம்."

பதிந்தார். கணக்கும் திறந்தாயிற்று. முதல் லோடு மஞ்சள் மஞ்சளாகப் பெங்களூருக்குக் கிளம்பியபோது, வெட்கத்தையெல்லாம் மறந்து நடுரோட்டில் நின்று விசிலடித்தேன். என் பெண்டாட்டியை நினைத்து அவ்வளவு பெருமை! இன்று பக்கத்து நிலத்திலும் அவள் பூதான்.

இப்போதும் அலங்காரக்காரர் போன் செய்தால், "ஓனர் பேசறேன், சொல்லுங்க" என்பாள். பேசி முடித்துவிட்டுப் பாத்திப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பாள்.

"தலைவரே, கூடையைத் தூக்குங்க!"

தூக்குகிறேன்.