மதிலுக்கு உட்பட்ட கருணை

கைதிகள் திருந்தி வாழ வேண்டும் என்று மனதார விரும்புகிற, ஆனால் அதைத் தன் தெருவில் வந்து செய்துவிடக் கூடாதே என்று அதைவிட மனதார விரும்புகிற ஓர் இனம் உண்டு. அந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியை நான் முதலில் பார்த்தது, சிறைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த வாரத்தில். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். "பையன் மாஸ்டரா இருக்கான்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எந்தப் பள்ளி என்று யாராவது கேட்டால் மட்டும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்தத் தலைசிறந்த மாதிரி, கைதிகள் மறுவாழ்வுக் குழுவின் தலைவர். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு கைக்குட்டை, பேச்சில் கண்ணீர் வரும் இடத்துக்காக. "சிறை தண்டிக்கிற இடமில்லை, மனுஷனைச் செஞ்சு அனுப்புற பட்டறை" என்பார், கைதட்டலுக்கு இடம் விடுவார், விட்ட இடத்தில் கைதட்டல் விழாவிட்டால் அதே வரியை இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார், பிறகு நேராக முடிவெட்டும் பயிற்சிக் கூடத்துக்குப் போய், நாற்காலியில் சாய்ந்து, கைதி ஒருவர் கையில் சவரக்கத்தியைக் கொடுத்து, கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். புகைப்படக்காரர் தயாரான பிறகுதான் கண் மூடும்.

"பார்த்தீங்களா? இதுக்குப் பேர்தான் நம்பிக்கை!"

கத்தி பிடிப்பவர் பெரும்பாலும் லாரி அண்ணன். வெளியே லாரி ஓட்டியவர். ஒரு சண்டையில் ஒருவரைக் குத்திவிட்டு உள்ளே வந்தவர். இந்தத் தொழிலை உள்ளேதான் கற்றார். நல்ல கை. தலைவரின் தாடையில் ஒரு கீறல் விழுந்ததில்லை. "நீ வெளிய வா தம்பி, உனக்கு நான் இருக்கேன்" என்பார் தலைவர், ஒவ்வொரு முறையும்.

தண்டனை முடிந்து லாரி அண்ணன் வெளியே வந்தார். தாயில்லாத மகள் அவருடைய அக்கா வீட்டில் வளர்கிறாள். "முதல்ல ஒரு வேலையில நில்லு. அப்புறம் பிள்ளையக் கூட்டிட்டுப் போ" என்று அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டார். நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி ஒரு யோசனை செய்தேன். தலைவர் வழக்கமாகப் போகிற சலூனிலேயே வேலை கேட்டால் என்ன?

"எனக்கென்ன சார்" என்றார் சலூன் முதலாளி. "தலைவர் ஒரு தடவ உக்காந்துட்டார்னா தெருவே உக்காரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. பெஞ்சு நிறையக் கூட்டம். மூலை நாற்காலிக்குப் பின்னால், தோளில் புதுத் துண்டோடு லாரி அண்ணன். தலைவர் உள்ளே வந்தார்.

"அடடே, நீயா! ரொம்ப சந்தோஷம்பா, ரொம்ப சந்தோஷம்!"

"வாங்கய்யா, உக்காருங்க." லாரி அண்ணன் நாற்காலியைத் தட்டித் திருப்பினார்.

தலைவரின் கை, அவரைக் கேட்காமலே, கழுத்துக்குப் போனது. "இருக்கட்டும், எனக்கு அவசரமில்ல. இவங்கல்லாம் முன்னாடியே வந்தவங்க ஆச்சே?"

முன்னாடியே வந்தவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். தலைவரின் கழுத்தையும் பார்த்தார்கள். அதுவரை கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் செய்தித்தாளை விரித்து, வரி விளம்பரங்களைப் படிக்கத் தொடங்கினார். அந்த ஊரில் அன்றைக்கு யாருக்குமே அவசரமில்லை.

தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். "தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். எனக்கு ஒண்ணுமில்ல. சமூகம்தான் இன்னும் தயாராகல."

"உள்ள கழுத்தக் குடுத்தீங்களேய்யா?"

"அங்க பக்கத்துல வார்டர் நிப்பாரே!" என்றார், இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வருத்தத்தோடு. "இன்னொண்ணு சொல்றேன். இன்னும் ஒரு வருஷம் உள்ளயே இருந்திருந்தார்னா, பயிற்சி முழுசாயிருக்கும்."

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அது கோபப்படாது, யாரையும் விரட்டாது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "எனக்கு ஆட்சேபணையே இல்ல, மாமியார்தான் பயப்படுறாங்க" என்னும். மாமியாரைக் கேட்டால், தனக்கென்ன பயம், மருமகனை நினைத்தால்தான் பயம் என்பார். மொத்தத்தில் யாருக்கும் பயமில்லை. வீடு மட்டும் கிடைக்காது.

தலைவர் இந்த ஆண்டும் தலைவராகிவிட்டார். உள்ளே புதிதாக ஒருவர் கத்தி பிடிக்கப் பழகுகிறார். முதலாளி லாரி அண்ணனை நிறுத்திவிடவில்லை. "யாராச்சும் உக்காரட்டும், பார்ப்போம்" என்கிறார். லாரி அண்ணன் துண்டு துவைக்கிறார், தரையைப் பெருக்குகிறார், மிச்ச நேரம் மூலையில் நிற்கிறார். நான் போய் உட்காருகிறேன்தான். என் ஒரு தலையில் எவ்வளவு முடிதான் வளரும்? மகள் இன்னும் அத்தை வீட்டில் இருக்கிறாள்.

நீங்கள் அந்த இனமில்லை, தெரியும். படித்துக்கொண்டே தலைவரை இரண்டு வார்த்தை திட்டியும் இருப்பீர்கள். ஆகவே உங்களிடம் தாராளமாகச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைகூட அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் காத்திருக்கவே வேண்டாம்.