சீல் வைத்த மூன்று சக்கர வண்டி

கருணை என்பது உலகத்தில் முதன்முதலாக முறைப்படி தயாரிக்கப்பட்டது திருப்பூரில்தான். மற்ற ஊர்களில் மனிதர்கள் இரக்கப்பட்ட கையோடு உதவியும் செய்துவிடுகிறார்கள். அதில் தரம் எங்கே இருக்கிறது? எங்கள் 'கருணைக் குழு' அப்படி அவசரப்பட்டதே கிடையாது. அதன் செயலாளன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவன் நான். பொய் சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில் தெய்வாத்தாள் எங்களிடம் வந்தாள். வந்தாள் என்றால், அண்ணன் ஆறுச்சாமி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போனவள். முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. ஓட்டை விழுந்த பனியன், கறை பட்ட பனியன் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"தை மாசம் எனக்குக் கல்யாணமுங்க. அப்பறம் சோமனூருக்குத் தறி ஓட்டப் போயிருவனுங்க. இவளைக் கம்பெனிக்குக் கொண்டாந்து உட ஆளில்லீங்க" என்றான் ஆறுச்சாமி.

"கையில சுத்தி ஓட்டற மூணு சக்கர வண்டி, என்ற அளவுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தீங்கன்னா நானே போய்க்குவனுங்க" என்றாள் தெய்வாத்தாள். "இல்லாட்டி வேலைய உட்டுப்போட்டு, இவனுக்குப் பின்னால போயி இவன்ற மாமியார் ஊட்டு மூலைல நானும் உக்காரோணும்."

என் கண் கலங்கிவிட்டது. உடனே கூட்டம் போட்டோம்.

தலைவர் குமாரசாமி பெரிய எக்ஸ்போர்ட்டர். "குடுக்கறதைக் குவாலிட்டியாக் குடுக்கோணும். மொதல்ல சாம்பிள் போடுங்க" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது. எங்கள் ஊரில் பனியன் கப்பலேறுவதற்கு முன்னால் சாம்பிள் போக வேண்டும். வெள்ளைக்காரன் அதில் குறை சொல்வான். மறுபடி தைப்போம். மறுபடி சொல்வான். கடைசியில் அவன் 'ஓகே' என்று சீட்டுக் கட்டி சீல் வைத்த சாம்பிளைப் பீரோவில் பூட்டிவிடுவோம். அதைப் பார்த்து மற்றதைத் தைக்கலாமே தவிர, அதைத் தொடக்கூடாது. வாழ்நாளெல்லாம் குறை கேட்டே பழகிய எங்களுக்கு, குறை சொல்ல முதல்முறையாக ஒரு வாய்ப்புக் கிடைத்தது. விடுவோமா?

முதல் சாம்பிள் வண்டிப் பட்டறையிலிருந்து வந்தது. தெய்வாத்தாள் ஏறி உட்கார்ந்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். "கச்சிதமா இருக்குதுங்க! இப்படியே ஓட்டிட்டுப் போயிரட்டுங்களா?" என்றாள்.

"எறங்கு கண்ணு" என்றார் குமாரசாமி. "இன்னும் கமெண்ட்ஸ் வரல."

கமெண்ட்ஸ் வந்தன. குழு உறுப்பினரான சாயப்பட்டறை முதலாளி செங்கோட்டையன் ஈர வெள்ளைத் துணியால் வண்டியைத் தேய்த்து, அதன் நீலப் பெயிண்ட் ஒட்டுகிறதா என்று பார்த்தார். வெயிலில் ஒரு நீலம், டியூப் லைட்டில் ஒரு நீலம் தெரிகிறது என்று திருப்பி அனுப்பினார். உட்காரும் இருக்கை எத்தனை ஜி.எஸ்.எம். என்று, பனியன் துணிக்குக் கனம் கேட்பதுபோலக் கேட்டார் குமாரசாமி. கனம் போதாதாம். அடுத்த சாம்பிளில் கனம் கூடியது. தெய்வாத்தாளால் கைப்பிடியைச் சுற்ற முடியவில்லை. அதற்கடுத்ததில் குறைத்தோம். முன்னால் வேல் பொருத்த வேண்டும் என்று ஆன்மிகக் கோணத்தில் ஒரு கமெண்ட் எழுதியவன் நான்தான். ஒவ்வொரு சாம்பிளையும் நாங்களே ஓட்டிப் பார்த்தோம். நன்றாக நடக்கக்கூடிய நாங்கள் அனைவரும் அந்த வண்டிகளில் மிகவும் மகிழ்ச்சியாகப் போய்வந்தோம்.

மார்கழிக் கடைசியில் வண்டி 'ஓகே' ஆனது. நீலம் நீலமாக இருந்தது, கைப்பிடி பூப்போலச் சுழன்றது. சீட்டுக் கட்டி, சீல் வைத்து, குமாரசாமியின் ஷோரூம் கண்ணாடிக்குள் நிறுத்தினோம்.

தை பிறந்ததும் ஆறுச்சாமி தங்கையைக் கூட்டிவந்தான். அவள் கண்ணாடிக் கதவின்மேல் கை வைத்தாள்.

"தொடாத கண்ணு! அது அப்ரூவலான சாம்பிள்" என்றேன்.

"எனக்குன்னு செஞ்சதுதானுங்களே?"

"உன்ற அளவுக்குச் செஞ்சது. உனக்குப் புரொடக்‌ஷன்ல வரும்."

"அது எப்பங்க?"

"மினிமம் முந்நூறு பீஸ் ஆர்டர் சேரோணுமல்ல? ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் பட்டறையில கட்டுபடி ஆகாது" என்றார் குமாரசாமி.

தெய்வாத்தாள் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். "ஏனுங்க, அப்ப முந்நூறு பேருக்குக் கால் போகோணுங்களா?"

"அது நம்ம கையிலயா இருக்குது?" என்றார் செங்கோட்டையன். "முருகனாப் பாத்துக் குடுக்கோணும்."

நான் அவளுக்குப் பழனி விபூதி கொடுத்து ஆறுதல் சொன்னேன். அப்புறம் குழுவினர் நாங்கள் மூவரும் மனநிறைவோடு காபி குடித்தோம்.

மாசி வெயிலில் ஒருநாள் என் ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுபோனது. முதலிபாளையம் ரோட்டில் தள்ளிக்கொண்டு போனேன். பின்னால் மணிச்சத்தம். துணி ரோல் ஏற்றிப்போகும் மிதிவண்டிக்காரர் ராசப்பன். அவருடைய மூன்று சக்கரத்தில், ரோல்களுக்கு நடுவே, மடியில் சோற்றுத் தூக்குப்போசியோடு தெய்வாத்தாள்!

"இந்த வண்டியிலயா கம்பெனிக்குப் போற?" என்றேன்.

"ஆமாங்க. அண்ணன் ஊருக்குப் போன மறுநாளே இவரு வாசல்ல வந்து நின்னுட்டாருங்க."

செயலாளன் அல்லவா? விசாரித்தேன். "ராசப்பா, இது யாரு டிசைன்? அளவெல்லாம் எடுத்தீங்களா?"

"டிசைன் என்னங்க டிசைன்" என்று ராசப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு ரோலைத் தள்ளி வெச்சேன். போற வழிதானுங்களே."

தெய்வாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வேர்த்து ஊத்துதுங்களே! ஸ்கூட்டரை அந்த டீக்கடையில நிறுத்திப்போட்டு ஏறிக்குங்க, சாமி. எடமிருக்குது" என்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

சாம்பிள் கேட்கவில்லை. கமெண்ட்ஸ் எழுதவில்லை. இன்னும் முந்நூறு பேர் வேர்க்கட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. நான் ஏறிக்கொண்டேன்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினேன். ராசப்பன் வண்டியில் வந்ததைச் சொல்லி, தெய்வாத்தாளின் மனுவால் மூன்று சக்கர வண்டி கிடைத்துப் பயனடைந்த முதல் ஊனமுற்றவர் என்று என் பெயரையே முன்மொழிந்தேன். கால் நன்றாகத்தானே இருக்கிறது, ஊனம் எங்கே என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது.