நாலாம் நம்பர் கூண்டு

கப்பல் தளத்தில் முப்பது வருஷம் வெல்டிங் போட்டவன் என்று சபின் மார்தட்டாத மதுக்கடை ருமேனியாவின் கலாட்ஸ் ஊரில் கிடையாது. ஆட்குறைப்பில் முதல் பட்டியலிலேயே தன் பேர் வந்ததை மட்டும் அவன் எந்தக் கடையிலும் சொன்னதில்லை. ஐம்பத்தொரு வயசில் ஒரு மகா தீர்மானம் எடுத்தான். உயர்நிலை வெல்டிங் பயிற்சி, சர்டிபிகேட், அப்புறம் நேரே நார்வே.

தட்டையான தகட்டில் சபின் ராஜா. வில்லங்கம் கடைசிப் பாடத்தில் இருந்தது. பைப்பைச் சாய்வாக இறுக்கியிருப்பார்கள். அதைத் திருப்பக் கூடாது. ஆள்தான் சுற்றிச் சுற்றி வந்து போடணும். அடிப்பக்கம் வரும்போது உருகிய இரும்பு மேலே ஒட்டாமல் அவன் சட்டைக் கைக்குள் இறங்கியது. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தது.

"இது வெல்டிங் இல்ல சபின், சல்லடை" என்றார் பயிற்சியாளர் பனாய்த்.

அன்று வீட்டில் அவன் மனைவி ஔரிகா மாமலிகா களி கிளறிக்கொண்டிருந்தாள். அவளும் ஒரு காலத்தில் அதே தளத்து வெல்டர். கப்பலின் அடிவயிற்றில் யாரும் நுழைய முடியாத இடத்துக்கு அவளைத்தான் அனுப்புவார்கள். மகள் பிறந்ததும், "வீட்டுக்கு ஒருத்தர் கண்ணு கெட்டாப் போதும்" என்று சபின் நிறுத்திவிட்டான். அப்புறம் இருபத்தாறு வருஷமாக ரொட்டிக் கடை.

"ஔரிகா, உனக்கு இன்னும் கை நடுங்காம இருக்கா?"

"உன் கழுத்தை நெரிக்கிற அளவுக்கு இருக்கு. ஏன்?"

"பரீட்சை வைக்கப் புக்கரெஸ்ட்லேர்ந்து ஆள் வர்றான். முகமூடி போட்டா நீயும் நானும் ஒண்ணுதான். எனக்காக நீ போட்டுடு."

"வெந்து வேகுறது நான். சர்டிபிகேட் உன் பேர்லயா?"

"குடும்பப் பேர் ஒண்ணுதானே! நார்வே போனதும் முதல் வேலையா உன்னைக் கூப்பிட்டுக்கறேன்."

கரண்டி நின்றது. அப்புறம் மறுபடி சுற்றியது.

"சரி. கை பழகணும். சாயங்காலம் பனாய்த்கிட்ட வர்றேன்."

சபினுக்குத் தலைகால் புரியவில்லை. மேல்மாடி டிட்டியிடம் போய்ப் பிளம் சாராயத்தோடு உளறினான்: "அவ போடுவா, நான் போவேன். தனியா! கூப்பிடறதாவது? அங்க போய்த்தான்டா நான் மூச்சே விடப் போறேன்."

பரீட்சை நாள். அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டான் சபின். வெல்டிங் போட அவனுக்கு ஒதுக்கியது நாலாம் நம்பர் கூண்டு. புக்கரெஸ்ட்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் கொல்லைப்புறக் கக்கூஸுக்கு நழுவினான். ஔரிகா காத்திருந்தாள். சட்டையையும் முகமூடியையும் வாங்கிக்கொண்டாள்.

"நாலாம் நம்பர்."

"காது கேக்குது. தாழ்ப்பாளைப் போட்டுக்க."

இரண்டரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வெல்டிங் ராடு பொரிகிற சத்தம். கசடு தட்டும் சுத்தியல் சத்தம். அதில் ஒரு தட்டு, சீராக, அவசரமே இல்லாமல். ஔரிகாவின் கை! அந்தக் காலத்தில் தன் வேலையை முடித்துவிட்டு, மேஸ்திரி பார்ப்பதற்குள் அவன் போட்டதையும் வந்து சரிசெய்துவிட்டுப் போவாள். அதையும் அவன் எந்த மதுக்கடையிலும் சொன்னதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். கக்கூஸ் நாற்றம் என்று முடிவு செய்துகொண்டான்.

"நாலாம் நம்பர்!" வெளியே குரல் கேட்டது. "பைப்பைத் தொடவே இல்லையே. ஆள் எங்கே? தகுதி இழப்பு, எழுதிக்கோங்க."

விழுந்தடித்து ஓடி வந்தான். நாலாம் கூண்டு காலி. ஏழாம் கூண்டில் ஔரிகா முகமூடியைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவில் மாட்டிய அட்டையில் அவள் பேர். பனாய்த் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரேயில் ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த வாரமே நார்வேயிலிருந்து வேலை உத்தரவு வந்தது. ஔரிகா பெட்டி கட்டினாள்.

"துரோகி!" என்றான் சபின்.

"உன் பேர்ல போடத்தான் இருந்தேன். நீ தனியாப் போற கதையை டிட்டி பொண்டாட்டி வந்து சொல்ற வரைக்கும். அன்னைக்கே பனாய்த்கிட்ட என் பேரையும் பதிஞ்சுட்டேன்."

"பத்த வெச்சிட்டாளா!"

"பத்த வைக்கிறதுக்கு சர்டிபிகேட் குடுத்தா முதல்ல அவளுக்குத்தான் குடுக்கணும்." அவள் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் உன்கூட இருந்து நானும்தான் மூச்சுவிடல, சபின். நீ கேட்டியா?"

பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். வீடு திடீரென்று பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

"ராடு எடுத்துக் குடுக்க, கசடு தட்ட, அங்க உதவிக்கு ஓர் ஆள் வேணாமா?" குரல் இறங்கியிருந்தது. "என்னையும் கூட்டிட்டுப் போயேன்."

"உன் பேரைக் குடுத்தேன்."

"நிஜமாவா!"

"அவங்க பனாய்த்கிட்ட போன்ல விசாரிச்சாங்களாம். நல்ல மனுஷன்தான், ஆனா வேலை நேரத்துல தேடினா கக்கூஸ்ல இருப்பான்னுட்டாராம்."