கசங்கிய சட்டையில் நிற்க மாட்டேன்

மதிப்பும் அன்பும் கலந்த மாப்பிள்ளைக்கு, இஸ்திரிக் கடை மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். கரிப்பெட்டியால் தேய்த்த காலத்திலும் சுகமாகத்தான் இருந்தோம். அதை உங்கள் அலுவலகம் நம்ப மறுப்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும். உங்கள் சிறுவணிகர் வருமான உயர்வுத் திட்டத்தில் கொடுத்த மின்சாரப் பெட்டி நன்றாகச் சூடேறுகிறது, புதுத் தகரக் கூரை ஒழுகவில்லை, வருமானமும் கூடியிருக்கிறது. இதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை நீங்கள் செய்த காரியம் இருக்கிறதே, அதை மன்னிக்க மாட்டேன்.

திட்டத்துக்கு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டுமாம். அந்த 'முன்பு' படத்தை அப்போதே நீங்கள்தான் எடுத்தீர்கள். அதில் உங்கள் கட்டைவிரல் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. அதற்கு நானா பொறுப்பு? அதை விட்டுவிட்டு, புகைப்படக்காரப் பெண்ணோடு வந்து இறங்கி, கூரையைக் கழற்றி, தையல்காரம்மா வீட்டில் கோழிக்கூண்டுக்கு மூடியாகிப் பிழைத்துக்கொண்டிருந்த என் பழைய மேசையை இழுத்து வந்து, பின்னாலேயே வந்த இரண்டு கோழிகளையும் விரட்டிவிட்டு, "மாமா, கசங்கின சட்டை ஒண்ணு போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றீர்களே, வாய் கூசவில்லையா? இஸ்திரிக்காரன் வீட்டில் கசங்கிய சட்டைக்கு எங்கே போவது? நான் முழித்து முடிப்பதற்குள் உங்கள் அக்கா துவைக்க வாங்கி வைத்திருந்த அழுக்கு மூட்டையைப் பிரித்து ஒரு சட்டையை உருவி என் மேல் மாட்டிவிட்டீர்கள். அந்தப் பெண் வேறு, "ஐயா, கொஞ்சம் சோகமா இருங்க, பழைய வாழ்க்கையை நினைச்சுக்கங்க" என்றாள். நினைத்தேன். ஒரு பெருமழையில், இருந்த ஒரே குடையைக் கரிமூட்டைக்குப் பிடித்துவிட்டு, நானும் உங்கள் அக்காவும் தொப்பலாக நனைந்து நின்றது ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்க மாமா!" என்று நீங்கள் அதட்டிய நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியர் வந்து நின்றார்.

"அது என் சட்டை மாதிரி இருக்கே?" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக வாடிக்கையாளர் சட்டையை நான் தோளில்கூடப் போட்டதில்லை. இந்தத் தொழிலில் மானம் என்பதே அதுதான். அவர் தன் துணிகளையெல்லாம் அள்ளிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது தெருவில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் சட்டையைப் பார்க்கிறார்கள். மனசு வலிக்கிறது மாப்பிள்ளை, விளையாட்டில்லை.

ஆகவே 'முன்பு' படம் கிடையாது. கையில் காசில்லாமல் இருந்திருக்கிறேன், பரிதாபமாக இருந்ததில்லை. அன்றும் என் சட்டையில் மடிப்புக் கலையவில்லை, உங்கள் படத்துக்காக இன்று கலைக்க மாட்டேன். படம் இல்லாவிட்டால் இரண்டாம் கட்டத்தில் அக்காவுக்கு வரவேண்டிய துணி துவைக்கும் இயந்திரம் வராது என்கிறீர்கள். வராவிட்டால் போகட்டும். உங்கள் மேலதிகாரி வந்தாலும், அவருக்கும் மேலே இருப்பவர் வந்தாலும் பதில் இதுதான். வேண்டுமானால் அவர்கள் சட்டையை நன்றாகத் தேய்த்து அனுப்புகிறேன்.

உங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
மடிப்புக் கலையாத மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். உங்கள் அக்கா எடுத்து நீட்டினாள். விரலெல்லாம் சோப்புத் தண்ணீர் தின்ற வெடிப்பு, ஒன்றில் ரத்தம். இத்தனை வருஷமும் நான் அவள் துவைத்துக் கொடுத்த சட்டைகளைத்தான் பார்த்திருக்கிறேன். "ஒட்டுங்க, ஏன் முழிக்கிறீங்க?" என்றாள். ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை அந்தப் புகைப்படக்காரப் பெண்ணை அழைத்து வாருங்கள். வரும் வழியில் தலைமையாசிரியரிடம் நடந்ததை நீங்களே சொல்லிவிட வேண்டும், கட்டைவிரல் உட்பட. என் சொந்தச் சட்டை ஒன்று தயாராக இருக்கிறது. கசக்கித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கசங்கலையும் பெட்டி போட்டு நேராகப் படியவைத்திருக்கிறேன், அதில் யாரும் கை வைக்கக் கூடாது.