சம்பந்தி கண்ணாடியில் சுரங்கப்பாதை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த கண்ணாடிக்கடைக்காரன் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். அங்கே தாங்கள் சௌக்கியமில்லை என்று என் மகள் போனில் சொன்னாள். "அப்பா, நீங்க கொடுத்த புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மாமா மாடிப்படியில கால் வெச்சா, படி அங்க இல்லையாம். காலையில பூந்தொட்டியைப் பார்த்து 'வாங்க, உட்காருங்க'ன்னார். இனிமே உங்க கடை வாசலையே மிதிக்க மாட்டாராம். என்னையும் முறைக்கிறார்ப்பா" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் தப்புக்கு அவளை முறைக்க வேண்டாம் என்று கெஞ்சவே இந்தக் கடிதம்.

கிட்டத்தில் எழுத்து தெரிகிறதா என்று சோதிக்கும் அட்டைமேல் போன வாரம் டீ கொட்டிவிட்டது. அப்போது கையில் இருந்தது தாங்கள் அன்போடு படிக்கக் கொடுத்த அறுநூறு பக்கச் சரித்திர நாவல். எழுத்து எழுத்துதானே என்று அதையே, கண் சோதிக்க வந்திருந்த டியூஷன் டீச்சர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "வாளை வாயில் கவ்வியபடி வீரன் கோட்டை மதிலின் கொடியைப் பற்றினான். அப்போது, ஆகா, சுரங்கப்பாதையின் இருளில் அந்த வளையோசை..." என்று கடகடவென்று வாசித்தார். பக்கம் முடிந்தது. "நல்லாத் தெரியுதே" என்றேன். "எங்க தெரியுது? சுத்தமாத் தெரியல. அடுத்த பக்கத்தைத் திருப்புங்க" என்றார். லென்சை மாற்றினேன், பக்கத்தையும் திருப்பினேன். அதையும் வாசித்துவிட்டு, அதுவும் தெரியவில்லை என்றார். மறுநாள் டீச்சர் சொல்லித் தையல்காரர் வந்தார், தையல்காரர் சொல்லி பேக்கரிக்காரர் வந்தார், கண் நன்றாக இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுமே தெரியவில்லை என்று சத்தியம் செய்தார்கள், வெளியே பெஞ்சில் இருந்தவர்களோ "இளவரசி தப்பிச்சாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டு டெஸ்ட் பண்ணுங்க" என்று கூச்சல் போட்டார்கள். நான் தடுத்திருக்கலாம்தான். ஆனால் எதிரே உட்கார்ந்து அதே பக்கத்தைத் தலைகீழாக நானும் படித்துக்கொண்டிருந்தேனே! பக்கத்துக்கு ஒரு லென்ஸ் வீதம் பவர் ஏறியது. இப்போது தையல்காரர் காலரைக் கொண்டுபோய்க் கையில் வைத்துத் தைக்கிறார். பேக்கரிக்காரர் பிறந்தநாள் கேக்கை விட்டுவிட்டு மேசைமேல் பெயர் எழுதுகிறார். டீச்சர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறார்.

தாங்கள் வந்த அன்றும் அதே புத்தகத்தைத்தான் நீட்டினேன். அவர்கள் வேறு, தாங்கள் வேறு. தாங்கள் பொய் சொல்லக்கூடியவரா? தாங்கள் தெரியவில்லை என்றால் அது தெரியவில்லைதான். நான்தான் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டு தங்கள் கண்ணைக் கோட்டை விட்டேன். புதுக் கண்ணாடி என் செலவில் வரும். நாவலை நாளையே அனுப்பிவிடுகிறேன். இனி ஜென்மத்துக்கும் கோட்டை, குதிரை, ஒற்றன் என்று எதையும் கையால் தொட மாட்டேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். எல்லாரும் படி பார்த்து நடந்து பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, கடையில் கண் சோதனைச் சீட்டு எழுதும் அம்மாள் தங்கள் சீட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நாற்காலியில் ஒன்றேகால் மணி நேரம். "தெரியல" பதினெட்டு முறை. கடைசியில், "ஐயையோ, வளையல் போட்டிருந்தது ஒற்றனா!" என்று துள்ளியதில் மூக்கில் மாட்டியிருந்த சோதனை லென்ஸ் சட்டம் கீழே விழுந்ததாகவும் எழுதியிருக்கிறார். கல்யாணப் பேச்சின்போது இந்த நாவலை ஒன்பது தடவை படித்ததாக என் மனைவியிடம் சொன்னவர் தாங்கள்தானே? இது வெளியே போகாது. என் மகளை முறைப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். புத்தகத்தை அனுப்பவில்லை. இன்னும் முந்நூறு பக்கம் இருக்கிறது. நாளை பத்து மணிக்கு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறேன். வந்து எப்போதும்போல "தெரியல" என்றே சொல்லுங்கள். பக்கத்தை மட்டும் திருப்புகிறேன், லென்சைத் தொட மாட்டேன்.