பட்டு வேட்டியில் ஓர் ஈசிஜி

ஈசிஜி எடுத்துக்கொள்ளப் பட்டு வேட்டி கட்டி வந்த மனிதர், காவிரி பாயும் இடமெல்லாம் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் உமி மாமா. நன்னிலம் பக்கத்து அரிசி ஆலையில், நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளியே நரைத்தவர். நெஞ்செல்லாம் புகை, நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு மூச்சு இருக்காது. நான் அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவள்.

"ஈசிஜி நல்லா வந்தாத்தான் அடுப்புப் பக்கம் விடுவேன்" என்று ஆலை முதலாளி சொல்லிவிட்டார். மாமாவுக்கு அது பரீட்சை. விரதமிருந்து, திருநீறு பூசி வந்து படுத்தவர் மூச்சையும் அடக்கிக்கொண்டார். முகம் நீலமாகிவிட்டது.

"மூச்சு விடுங்க மாமா."

"விட்டா மெஷினு கண்டுபிடிச்சிடும்ல?"

விடாமலே கண்டுபிடித்தது. காகிதத்தில் ஓடிய கோட்டில், ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் சின்னதாக இருக்க வேண்டிய மேடு, கூராக நிமிர்ந்து நின்றது.

"வாய்க்கா தூந்துபோனா மதகுல தண்ணி முட்டும்ல? நுரையீரல் கெட்டதுல இதயத்தோட வலது பக்கம் முக்கித் தள்ளுது மாமா" என்றேன்.

"அந்த மேட்ட மட்டும் கொஞ்சம் வெட்டி வுடேன் பாப்பா. என் எடத்துக்குப் புதுசா வந்தவன் நெல்லக் குழைய வுட்டுட்டான். அத எவன் திம்பான்?"

அடுத்த வாரம் நான் லீவு. அன்று பார்த்து மாமாவின் மச்சினன் அதே பட்டு வேட்டியில் வந்து, மாமா பெயரைச் சொல்லிப் படுத்து எழுந்து போயிருக்கிறார். மறுநாள் டாக்டர் இரண்டு ஈசிஜியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா, நெஞ்சையே மாத்திட்டாங்களா?"

ஆலைக்கு ஓடினேன். மச்சினனின் ஈசிஜியைக் காட்டி வேலையைத் திரும்ப வாங்கிய மாமா, உதடு கறுத்து, கால் வீங்கி, அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் களை. முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அன்றே மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதன்பிறகும் ஈசிஜிக்கு என்னிடம்தான் வருவார். வயர் மாட்டி முடிக்கும்வரை, "பாவி, என் அடுப்ப அணைச்சவ" என்று இரைக்க இரைக்கத் திட்டுவார். எனக்கு அதில் நிம்மதி. திட்டவாவது மூச்சு மிச்சமிருக்கிறதே.

போன தை மாதம் ஆட்டோவில் கொண்டுவந்து கிடத்தினார்கள். வயர் மாட்டத் தொடங்கியும் மாமாவிடமிருந்து திட்டு வரவில்லை.

"திட்டுங்க மாமா" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அன்றைக்கு ஒரு வயரைக்கூட எனக்குச் சரியாக ஒட்ட வரவில்லை.